சகோதர சங்கத்தில் முப்பத்தோரு ஆன்ட்டிகள்

அத்தியாயம் 11

சனிக்கிழமை காலை, சுப்பையன் தன் மகனின் தொழிலை டிஷ்வாஷருக்குள் ஒளித்து வைத்தார்.

தொழில் என்றால் இரண்டு மஞ்சள் காந்த அட்டைகள். காரின் பின்புறம் ஒட்டுவதற்கு. 'பொறுமை ப்ளீஸ், ஆன்ட்டி ஏறுகிறார்' என்று ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதியிருக்கும். கலிபோர்னியாவின் சன்னிவேலில் அந்த வீட்டை வாங்கிய நாள் முதல் டிஷ்வாஷரை யாரும் ஓட்டியதில்லை. கழுவிய பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்கும் அலமாரியாக அது கௌரவமாக வாழ்ந்துவந்தது. எனவே அதைவிடப் பாதுகாப்பான இடம் அந்த வீட்டில் இல்லை.

"ஏனுங்க, சபரி கேட்டா என்ன சொல்வீங்க?" சட்னிக்குத் தாளித்துக்கொண்டே கேட்டார் மனைவி கண்மணி.

"காத்துல பறந்துருச்சும்பேன்."

"அது காந்தமுங்க."

"பெரிய காத்தும்பேன். போவியா!"

ஒரு வருடமாகவே சுப்பையனின் பாடு இப்படித்தான். மகன் சபரி நியூஜெர்சியில் படித்தான். அங்கே ரோ ஜீட்டா மியூ என்ற மாணவர் சகோதர சங்கத்தில் சேர்ந்தான். பட்டம் வாங்கினான். சான்டா கிளாராவில், மனிதர் இல்லாமல் தானே ஓடும் கார்களைச் செய்யும் கம்பெனியில் ஐந்து வருடம் இருந்தான். பிறகு அதை விட்டுவிட்டு, மனிதர்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க வந்துவிட்டான்.

எல்லா மனிதர்களுக்கும் அல்ல. அமெரிக்காவில் இருபது வருடம் வாழ்ந்து, லைசென்ஸ் வைத்து, பிள்ளைகளைப் பாட்டு வகுப்புக்கும் கணித வகுப்புக்கும் ஏற்றி இறக்கி, ஆனால் ஒரு நாளும் ஃப்ரீவேயில் ஏறாமல் சிக்னல் சிக்னலாக நின்று போகும் ஆன்ட்டிகளுக்கு மட்டும்.

இதைத்தான் சுப்பையன் தமிழ்ச் சங்கத்தில் 'மொபிலிட்டி' என்று சொல்லிவைத்திருந்தார். கேட்டவர்கள் 'ஓ' என்றார்கள். ஒருவர் தன் பெண்ணுக்கு அங்கே இன்டர்ன்ஷிப் கிடைக்குமா என்றுகூடக் கேட்டார்.

போன வாரம் வெடித்தது அந்தக் குண்டு: சபரியின் முப்பத்தோரு மாணவிகளில் ஒருவர் கண்மணி. அன்று முதல் சுப்பையன் தன் காபியைத் தானே போட்டுக் குடித்துவருகிறார். கண்மணிக்கு இதனால் காலையில் பத்து நிமிடம் மிச்சம்.

இன்று வருவது மதன்.

சபரியின் சகோதர சங்கத்தில், முன்னாள் மாணவர் குழுவுக்கு மதன்தான் தலைவன். 'பட்டத்துக்குப் பின்' என்று சங்கத்தின் இணையதளத்தில் ஒரு பகுதி நடத்துகிறான். வாரம் ஒரு சகோதரனின் வாழ்க்கை, படமும் வீடியோவுமாக. எல்லாப் படங்களிலும் சகோதரர்கள் கையைக் கட்டிக்கொண்டு, கண்ணாடிக் கட்டடம் ஒன்றின் முன் கொஞ்சம் பக்கவாட்டில் நிற்பார்கள். நான்கு கம்பெனிகளை மூடியவர் அங்கே 'தொடர் தொழில்முனைவோர்'. வேலை போய் வீட்டில் இருப்பவர் 'அடுத்த சவாலைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருப்பவர்'. இதுவரை அறுபது பேர். ஒருவர்கூடத் தோற்கவில்லை. புள்ளியியல் படித்தவர்கள் இதை ஆராயலாம்.

மதன் ஒரு பெட்டியோடும் கேமராவோடும் வந்து இறங்கினான். நியூஜெர்சி எடிசனில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் ரிஸ்க் பிரிவு. மத்தியானமே திரும்பும் விமானம்.

"வா கண்ணு, வா. இட்லி சூடா இருக்குது," என்றார் கண்மணி.

"ஆன்ட்டி, ஐ ஆம் ஆன் கீட்டோ டயட்..."

"சரி, நாலே நாலு சாப்பிடு."

ஆறு சாப்பிட்டான். சுப்பையன் அவனைக் கூடத்துக்கு அழைத்துப் போனார். அங்கே ஒரு வெள்ளைப் பலகை முளைத்திருந்தது. அதில் வட்டங்களும் அம்புகளும். ஆபீசில் பார்த்ததைச் சுப்பையன் நினைவிலிருந்து வரைந்தவை. ஒரு சிப்பின் சோதனை அட்டவணை அது. சபரியின் தொழிலுக்கும் அதற்கும் இருந்த ஒரே தொடர்பு, இரண்டிலும் எதுவும் இடிக்கக்கூடாது என்பதுதான்.

"தம்பி, இதுக்கு முன்னாடி நிக்க வச்சு எடுங்க. மொபிலிட்டின்னு மட்டும் போட்டாப் போதும். டீட்டெயில் வேண்டாம். காம்பெடிட்டர்ஸ் பார்ப்பாங்க."

சபரி உள்ளே வந்தான். பலகையைப் பார்த்தான். அப்பாவைப் பார்த்தான்.

"அப்பா, என் கார்ல இருந்த மேக்னெட் எங்க?"

"காத்து," என்றார் சுப்பையன்.

மதன் எழுந்து சபரியைக் கட்டிக்கொண்டான். வெறும் சம்பிரதாயத்துக்கு அல்ல. சங்கத்தில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவனுக்கும் ஒரு மூத்தவன் உண்டு. அவனுக்குப் பெயர் 'பிக்'. சபரியின் பிக் மதன். பதினெட்டு வயதில் யாரையும் தெரியாத ஊரில், பனி கொட்டிய ஒரு ஜனவரியில் சபரிக்கு நிமோனியா வந்தபோது, அவனை நான்கு மாடி தூக்கிக்கொண்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது இந்தக் கைகள்தான். அப்போது அவை கீட்டோவில் இல்லை.

கட்டிப்பிடித்து முடித்ததும் மதன் கேமராவை அணைத்தான்.

"ப்ரோ, ஷூட்டுக்கு முன்னாடி ஒண்ணு பேசணும். இதைப் பாரு."

போனில் ஒரு வீடியோ. சான்டா கிளாராவில் ஒரு சர்ச் ஹால். பெண்கள் ஐக்கிய சங்க ஆண்டு விழா. நடுவில் சபரியின் மாணவி ஞானமணி ஆன்ட்டி. நாகர்கோவில்காரர், ஓய்வு பெற்ற நர்ஸ், கையில் கஞ்சிரா. அவர் பின்னால் பன்னிரண்டு பெண்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு வரிசையாக வந்தார்கள். சுண்டுவிரலை மடித்துக் கோர்த்து, இரண்டு தரம் அழுத்தி, முழங்கையைத் தொட்டு, கை குலுக்கினார்கள். பிறகு எல்லோரும் சேர்ந்து ஓர் உறுதிமொழியை ராகம் போட்டுப் பாடினார்கள். சபை கை தட்டியது. போதகரும் தட்டினார்.

அது ரோ ஜீட்டா மியூவின் ரகசியக் கைகுலுக்கல். அந்த உறுதிமொழியும் சங்கத்துடையதுதான். முப்பது வருடமாக வெளியே போகாதவை.

"இதை எனக்கு யார் ஃபார்வர்ட் பண்ணது தெரியுமா? எங்கம்மா. எடிசன்ல இருந்து. 'உங்க காலேஜ்ல அவ்ளோ ஃபீஸ் வாங்கிட்டு இதைத்தான் சொல்லிக்கொடுத்தாங்களா'ன்னு கேக்கறாங்க. டேய், இந்த ஹேண்ட்ஷேக்கை நான் என் வைஃப்கிட்டகூடக் காட்டினதில்ல!"

"ஞானமணி ஆன்ட்டிகிட்ட ரகசியம்னு சொன்னேனே..." என்றான் சபரி.

"சொன்னியா? அவங்க தம்பூரின் வாசிக்கறாங்க!"

"அது கஞ்சிரா."

மதன் மூச்சை இழுத்து விட்டான். "போர்டு கூடி முடிவு பண்ணியாச்சு. நீ கேமராவுல சாரி சொல்லணும். லைன், பிளெட்ஜ் நேம், ஓத் எல்லாத்தையும் இன்னிக்கோட நிறுத்தணும். நிறுத்தினா உன் ப்ரொஃபைல் வரும். அங்கிள் சொன்ன டைட்டிலே போடறேன். இல்லன்னா உன் பேரை எடுத்துடுவாங்க. சங்க ஹவுஸ்ல சுவர்ல மாட்டியிருக்கற உன் பேட்ச் போட்டோல, உன் மூஞ்சி இருக்கற இடத்துல லோகோ வரும். ப்ரதர்ஸ் யாரும் உன்கூடப் பேசக்கூடாது." நிறுத்தி, தரையைப் பார்த்தபடி சேர்த்தான்: "நானும்."

"சொல்லிடு கண்ணு," என்றார் சுப்பையன் உடனே. "ஒரு சாரிதான? ஆபீஸ்ல நான் ஒரு நாளைக்கு நாலு சொல்றேன். ஒண்ணைக்கூட நெனச்சு சொன்னதில்ல."

சமையலறை வாசலில் கண்மணி கரண்டியோடு நின்றிருந்தார். 

"இன்னிக்கு ஒரு கிராசிங் இருக்கு மதன்," என்றான் சபரி. "ஃப்ரீவேல முதல் தடவை ஏறறது. கடைசி கிராசிங்."

"கேன்சல் பண்ணு."

"அது எங்கம்மாவோடது."

சபரி கராஜுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஆரம்பத்தில் அவனும் மற்ற டிரைவிங் ஸ்கூல் மாதிரிதான் சொல்லிக்கொடுத்தான். கண்ணாடியைப் பார், திரும்பிப் பார், வேகத்தைக் கூட்டு. ஆன்ட்டிகள் எல்லாவற்றையும் பிழையில்லாமல் ஒப்பித்தார்கள். ஆனால் ஃப்ரீவேக்கு ஏறும் வளைவு வந்ததும், ஒருவர் விடாமல் ஒரே வார்த்தை சொன்னார்கள்: 'அடுத்த வாரம்.' ஆறு மாதத்தில் ஏறியவர்கள் பூஜ்யம் பேர்.

அவனுக்குத் தெரிந்த ஒரே வேறு வழி, பயந்துபோன ஒரு பதினெட்டு வயதுப் பையனிடம் பலித்த வழி. சங்கத்தில் புதியவர்கள் தோள் பிடித்து நிற்கும் வரிசை போல, ஆன்ட்டிகளை ஒரு லைனாக ஆக்கினான். எல்லோருக்கும் பட்டப்பெயர். இருபத்தெட்டு வருடமாக எல் கமினோ என்ற ஒரே சிக்னல் சாலையை விடாத கண்மணிக்கு 'எல் கமினோ'. எங்கே போனாலும் அபாய விளக்கைப் போட்டுக்கொண்டே போகும் ப்ரியம்வதா ஆன்ட்டிக்கு 'பிளிங்க்கர்'. ஞானமணிக்கு 'ஹார்ன்'. யாரும் தனியாக ஏறவேண்டாம். சங்கத்தின் பித்தளைப் பின்னைக் குத்தியவர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருப்பார். ஆனால் பேசமாட்டார். இல்லாத பிரேக்கை மிதிக்கமாட்டார். கடைசி ஆள் ஏறும்வரை லைன் முடிந்ததாகக் கணக்கில்லை.

அதன் பிறகு முப்பது பேர் ஏறிவிட்டார்கள். ஒருவர் லாஸ் ஏஞ்சல்ஸ் வரை போய்விட்டு வந்து, கணவரிடம் அப்புறம் சொன்னார்.

சபரி போனை எடுத்து ஹூஸ்டனுக்கு அடித்தான். ஷைன். அவனோடு ஒரே லைனில் தோள் பிடித்து நின்றவன். போன மாதம் ஷைனின் ப்ரொஃபைல் வந்திருந்தது: 'எரிசக்தித் துறை ஆலோசகர்.'

"மச்சி, ஒரு சாரி சொன்னா முடிஞ்சுடும்ங்கறாங்க," என்றான் சபரி.

அந்தப் பக்கம் ஏதோ 'டப் டப்' என்று அடிக்கும் சத்தம்.

"என்னடா சத்தம்?"

"பரோட்டாவ அடுக்கி வச்சுத் தட்டுதேன்."

"வீக்எண்ட் குக்கிங்கா?"

"இல்லடே." சத்தம் நின்றது. "எண்ணெய் கம்பெனில எங்க டீமையே தூக்கிட்டானுவ. ரெண்டு வருசம் ஆச்சு. இப்பம் ஹில்கிராஃப்ட்ல, மகாத்மா காந்தி மாவட்டத்துல கடை. நானும் எம் மாமனாரும். நல்லா ஓடுது. எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா மதன் 'டைட்டில் என்ன'ன்னு கேட்டான் பாத்தியா, அப்பம் வாய்ல தானா வந்துட்டு."

"அந்த போட்டோ?"

"அது பக்கத்து பில்டிங் கண்ணாடி. செக்யூரிட்டி வந்து வெரட்டுனான்." ஷைன் சிரிக்கவில்லை. "அதுல நிக்கவனப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்கு மச்சி. கேளு, ஹூஸ்டனுக்கு நம்ம ப்ரதர்ஸ் வந்துட்டேதான் இருக்கானுவ. ஒருத்தனையும் கடைக்கு சாப்பிடக் கூப்பிட முடியல. கூப்பிட்டா ப்ரொஃபைல் பொய்யாயிரும். ப்ரதர்ஸ் வேணும்னுதான் அந்தப் பொய்யச் சொன்னேன். இப்பம் எவன் வந்தாலும் ஊர்ல இல்லன்னு சொல்லுதேன்."

சபரி போனை மறு காதுக்கு மாற்றினான்.

"கல்லு காயுது. வைக்கேன்," என்றான் ஷைன்.

கராஜுக்கு வெளியே கார்க் கதவுகள் வரிசையாகச் சாத்தும் சத்தம் கேட்டது.

ஆன்ட்டிகள் வந்துவிட்டார்கள். எல்லோரும் அல்ல, பதினாறு பேர். மீதிப் பேருக்குக் கல்யாணம், நாட்டிய அரங்கேற்றம், மூட்டுவலி. சுடிதார், டிராக் பேண்ட், ஒரு காஞ்சிப்பட்டு. வீட்டு வாசலில் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எதிர்வீட்டு அமெரிக்கர் தோட்டத்துக்குத் தண்ணீர் விடுவதை நிறுத்திவிட்டு, குழாயைத் தன் செருப்பின் மேலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

மதன் வெளியே வந்தான். அவன் முகத்தைப் பார்த்ததுமே ஞானமணிக்கு ஆள் யாரென்று தெரிந்துவிட்டது.

"நீதான் நியூஜெர்சி பிள்ளையா? கேட்டேன், கேட்டேன். எங்க சர்ச் வீடியோவால ஒங்க சங்கமே ஆடிப்போச்சாமே?"

"ஆன்ட்டி, அது சீக்ரெட். பிளீஸ் அண்டர்ஸ்டாண்ட். அதுல ஒரு வால்யூ இருக்கு."

"வால்யூ இருக்கப்போய்த்தான மக்களே பாடுனோம்? கெட்ட காரியத்தையா சர்ச்சுல பாடுவோம்?"

"அவங்க பாய்ஸ் கிளப், ஞானமணி," என்றார் ப்ரியம்வதா. "நம்மள எல்லாம் உள்ள விடமாட்டாங்க."

"யாரு உள்ள விடச் சொன்னா? எங்களுக்கு ரோட்டுல விட்டாப் போதும்."

"ஆன்ட்டி, நான் சபரிகிட்ட மட்டும்தான் பேசணும்," என்றான் மதன்.

"பேசு. நாங்க என்ன ஒன் வாயைப் பொத்தியா வச்சிருக்கோம்?"

சபரி கராஜிலிருந்து வந்தான். நேராக மதன் எதிரே நின்றான்.

"கேமரா ஆன் பண்ணு."

மதன் முகம் தெளிந்தது. சுப்பையன் ஓடிப்போய் வெள்ளைப் பலகையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். மகனின் பின்னால் அதை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து நின்றார். கேமராவில் பலகைக்குக் கீழே அவருடைய வேட்டி மட்டும் தெரிந்தது.

"பேர் சபரி," என்றான் அவன். "ஸ்பிரிங் லைன், நம்பர் த்ரீ. என் பிக் மதன். நான் ஃபவுண்டர் இல்ல. மொபிலிட்டியும் இல்ல. ஃப்ரீவேன்னா பயப்படற ஆன்ட்டிகளுக்கு ஃப்ரீவேல ஏறக் கத்துக்கொடுக்கறேன். சங்கத்துல எனக்கு என்ன கிடைச்சுதோ அதை வச்சுத்தான் கத்துக்கொடுக்கறேன். வேற எதை வச்சுக் கத்துக்கொடுக்க? காலேஜ்ல வேற எதுவும் எனக்கு மண்டைல ஏறல."

பலகை லேசாக ஆடியது.

"பட்டம் வாங்கினப்புறம் அதை நான் யூஸ் பண்ணேன். கையைக் கட்டிட்டு நிக்கல. அதுக்கு சாரி சொல்லமாட்டேன். இதை அப்படியே போடு. போடாட்டியும் பரவால்ல."

"ப்ரோ..." மதன் குரல் இறங்கியது. "எங்கிட்ட வேற சாய்ஸ் இல்லடா. பின்னைக் கொடுக்கணும்."

சபரி சட்டையிலிருந்து பித்தளைப் பின்னைக் கழற்றினான். சட்டென்று வரவில்லை. துணியில் சிக்கியிருந்தது. மதனே கிட்டே வந்து சிக்கலை எடுத்துவிட்டான். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. 

"அம்மா, சாரி," என்றான் சபரி திரும்பி. கேமராவுக்குச் சொல்லமாட்டேன் என்றதை அம்மாவுக்கு உடனே சொல்லிவிட்டான். "பின் இல்லாம நான் உன் பக்கத்துல உட்கார முடியாது. ரூல் நான் வச்சதுதான். வேணும்னா ரூலை மாத்திடலாம்."

கண்மணி முந்தானையை இடுப்பில் செருகினார்.

"எதுக்கு மாத்தோணும்? ரூலு நல்லாத்தான இருக்குது. ஏன் தம்பி, இப்ப பின்னு யாருகிட்ட இருக்குது?"

எல்லோரும் மதனின் கையைப் பார்த்தார்கள். மதனும் பார்த்தான்.

"ஆன்ட்டி, நோ. எனக்கு ஃப்ளைட் இருக்கு."

"ஏர்போர்ட்டும் 101 ஃப்ரீவேலதான இருக்குது? நான் கொண்டுபோய் விடறேன். பெட்டிய எடுத்துட்டு வா கண்ணு."

"நான் ஊபர்..."

"ஆறு இட்லி சாப்பிட்ட வீட்டுல இருந்து ஊபர்ல போவியா?"

அமெரிக்காவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைகள் செய்வதையே மதனும் செய்தான்: பெட்டியை எடுத்துவந்தான்.

"கண்மணி!" பலகையைக் கீழே வைத்தார் சுப்பையன். "வெளையாட்டா உனக்கு? சனிக்கிழமை டிராஃபிக்கு! உனக்குத்தான் ஃப்ரீவேன்னாலே பயமாச்சே. ஊருக்கே தெரியும்."

"ஊருக்கு யார் சொன்னது?"

சுப்பையன் குனிந்து பலகையை மறுபடி எடுக்கப் போனார்.

"நாம வந்த புதுசுல, சபரி கைக்குழந்தை. 101-க்கு ஏறற வளைவுல என்னைய ஓட்டச் சொன்னீங்க. ஏறறதுக்குள்ள 'லெஃப்ட்ல பாரு, ரைட்ல பாரு, அமுத்து, அமுத்தாத'ன்னு கத்தி, ஸ்டியரிங்கப் புடிச்சு இழுத்தீங்க. வண்டி ஓரத்துல போயி நின்னுச்சு. நான் எறங்கிட்டேன். நீங்க ஓட்டிட்டு வந்தீங்க. அன்னைக்கு ராத்திரியே உங்க சிநேகிதர் வீட்டுல, 'கண்மணிக்கு ஃப்ரீவேன்னா பயம்'னு சொன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்."

 எதிர்வீட்டுக்காரருக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் குழாயை மூடிவிட்டார்.

"எனக்கு பயம் ஃப்ரீவே மேல இல்லீங்க. பக்கத்து சீட்டு மேல."

"அம்மா, நான் பின் சீட்ல வரட்டுமா?" என்றான் சபரி மெதுவாக.

"நீ வேண்டாம் சாமி. நீ வந்தா நீ ஓட்டுன மாதிரி ஆயிரும். கீழயே இரு." பிறகு கணவரைப் பார்த்தார். "நீங்க ஏறுங்க."

"நானா? நான் எதுக்கு?"

"பின்னாடி. பெட்டிக்குப் பக்கத்துல."

"இல்ல கண்மணி, எனக்கு இன்னைக்கு..."

"ஏறுங்க மாமா."

கல்யாணமான புதிதில் 'மாமா' என்று கூப்பிட்டதோடு சரி. சுப்பையன் ஏறினார்.

சபரி சமையலறைக்குப் போய், நேராக டிஷ்வாஷரைத் திறந்து, காந்த அட்டையை எடுத்துவந்து வண்டியின் பின்னால் ஒட்டினான். இருபத்தொன்பது வருடம் அந்த வீட்டுப் பிள்ளையாக இருக்கிறான். எது எங்கே ஒளியும் என்று தெரியாதா? ஞானமணி மதனின் சட்டையில் பின்னைக் குத்தினார். நர்ஸின் கை, வலிக்கவில்லை.

"பேசக்கூடாது மக்களே. கேட்டியா? காலையும் அமுத்தாத."

வண்டி கிளம்பியது. மதில்டா அவென்யூவில் முதல் சிக்னல். இரண்டாவது சிக்னல். கண்மணி இண்டிகேட்டர் போட்டார். 101 வடக்கு என்ற பச்சைப் பலகை வந்தது. வளைவு தொடங்கியது.

பின் சீட்டில் சுப்பையன் தலைக்கு மேலிருந்த கைப்பிடியைப் பற்றினார். வலது பக்கம் ஒன்று; போதவில்லை; பெட்டியை இன்னொரு கையால் கட்டிக்கொண்டார். வாயில் 'லெஃப்ட்ல பாரு' வந்துவிட்டது. நாக்கு நுனியில் நின்றது. கண்ணாடியில் கண்மணியின் கண்கள் ஒரு நொடி அவரைப் பார்த்தன. அவர் அதை விழுங்கினார். இட்லி விக்கியது போல் இருமினார்.

இடது பக்கம் லாரி ஒன்று. அதன் பின்னால் கம்பெனி ஷட்டில் பஸ். அதற்கும் பின்னால் ஒரு டெஸ்லா, வழியே விடாத ஜாதி. மதனின் வலது கால் தானாக முன்னால் போய் இல்லாத பிரேக்கைத் தேடியது. அவன் அதைப் பின்னால் இழுத்து இடது காலால் பூட்டிக்கொண்டான். உதடு அசைந்தது. முப்பது வருட ரகசியமான உறுதிமொழியை அவன் சத்தமாகவே சொல்லிக்கொண்டிருந்தான். 'என் சகோதரன் பின்தங்கினால் நானும் பின்தங்குவேன்' என்ற வரி வந்தபோது கண்மணி கூடவே சேர்ந்து சொன்னார். ராகத்தோடு.

தோளைத் திருப்பிப் பார்த்தார். அமுத்தினார்.

லாரி முன்னால் போனது. ஷட்டில் பஸ் பின்னால் நின்றது. நடுவில் ஒரு வெள்ளை சியன்னா வேனில், ஐம்பத்தெட்டு வயதில், கண்மணி 101-ல் இருந்தார்.

யாரும் கை தட்டவில்லை. கண்மணி ஏசியைக் கொஞ்சம் குறைத்தார். அவ்வளவுதான்.

மௌண்டன் வியூ போனது. பாலோ ஆல்டோ போனது. எப்போதும் சிக்னல் சிக்னலாக நின்று கடந்த ஊர்களெல்லாம் வெறும் பச்சைப் பலகைகளாகப் போயின. ரெட்வுட் சிட்டி தாண்டியதும் கண்மணி தானாகவே ஒரு லேன் இடதுபுறம் மாறினார். சுப்பையன் கைப்பிடியை விட்டுவிட்டு, விட்டதைக் கவனிக்காமல் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஆன்ட்டி," என்றான் மதன் கடைசியில்.  "போர்டுக்கு நான் என்ன சொல்றது?"

"பின்னு போட்டவங்க பேசக்கூடாது கண்ணு."

சான் மட்டேயோ. தலைக்கு மேலே ஒரு விமானம் தாழ்ந்து இறங்கியது. ஏர்போர்ட் என்று பலகை வந்தது. அடுத்ததில் அம்புக்குறியே வந்தது. கண்மணி இடது லேனிலேயே இருந்தார்.

"ஆன்ட்டி, ரைட்ல போகணும். ஆன்ட்டி, எக்ஸிட். எக்ஸிட்! அதான் எக்ஸிட்!"

ஏர்போர்ட் வலது பக்கம் அழகாக விலகிப் பின்னால் போனது.

"ஆன்ட்டி, மிஸ் பண்ணிட்டீங்க!"

"பார்த்தேனே தம்பி. இத்தனை வருசம் கழிச்சு இன்னைக்குத்தான் ஏறியிருக்கேன். அதுக்குள்ள எறங்கறதா?"

மதன் பின்னால் திரும்பி சுப்பையனைப் பார்த்தான். ஆண்கள் ஆண்களைப் பார்க்கும் பார்வை, உதவி கேட்பது. அப்போது சுப்பையனின் போன் அடித்தது. சபரி. பின்னணியில் பதினாறு பெண்கள் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும் சத்தம்.

"அப்பா! ஏறிட்டாங்களா? எங்க இருக்கீங்க? ஏர்போர்ட் வந்தாச்சா?"

சுப்பையன் முன்னால் பார்த்தார். சாலை நீளமாகக் கிடந்தது. தூரத்தில் மூடுபனியும், அதற்குள் ஒரு நகரமும்.

"உங்கம்மா ஓட்டறா," என்றார். "எங்க போறோம்னு நான் கேக்கல."